எதிர்பாராததற்கு எடுத்துவைத்த பணம்

2020இல் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பெருந்தொற்றுக்கென்று ஆண்டுதோறும் தவறாமல் பணம் கட்டிவந்த ஓர் அமைப்பின் பெயர் செய்திகளில் அடிபட்டது. அது எந்த நாட்டின் நிதியமைச்சகமும் அல்ல, லண்டன் விம்பிள்டனில் இருக்கும் டென்னிஸ் கிளப். 2003இல் சார்ஸ் நோய் வந்துபோன பிறகு, தொற்றுநோயால் போட்டி நின்றுபோனால் இழப்பீடு கிடைக்கும்படி ஒரு காப்பீடு எடுத்துவைத்து, பதினேழு ஆண்டுகள் பிரீமியம் கட்டியிருக்கிறார்கள். 2020இல் போட்டி ரத்தானதும் பதினோரு கோடி பவுண்டுக்கு மேல் அவர்களுக்கு வந்து சேர்ந்ததாகச் செய்தி வெளியானது.

அதே ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி இந்திய நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2 மணி 42 நிமிடம் பட்ஜெட் உரை வாசித்தார். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் உறுதிசெய்யப்பட்டு அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நிதிப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 3.5 சதவீதம் என்று உரை சொன்னது. ஆண்டு முடிந்து கணக்கு பார்த்தபோது 9.2 சதவீதம். இதில் கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயரே தெரியாத செலவுக்கு எந்தத் தலைப்பின்கீழ் பணம் ஒதுக்குவது?

ஆனால் பெயர் தெரியாத செலவுக்கென்றே ஒரு பெட்டி பல அரசுகளிடம் இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தில் அதற்கு எதிர்பாராச் செலவு நிதி என்று பெயர். வீட்டில் அஞ்சறைப் பெட்டியின் அடியில் மடித்துவைக்கும் நோட்டுக்கு அரசாங்க அண்ணன் அது. பட்ஜெட் நாளில் எந்தத் தொலைக்காட்சியும் அதைப் பற்றி விவாதிப்பதில்லை. இந்தப் பெட்டி இங்கே வந்து சேர்ந்த வழியோ சீன எல்லைக் களஞ்சியங்கள், வெனிஸ் நகரத்து உப்பு, ஒரு தொப்பி வியாபாரி, ஓர் ஆப்கானியப் போர் என்று சுற்றாத இடமெல்லாம் சுற்றி வந்த வழி.

முதலில் அது பணமாகவே இல்லை, தானியமாக இருந்தது. பண்டகசாலைக்கு வரும் விளைபொருளில் பாதியை நாட்டுமக்களின் ஆபத்துக் காலத்துக்கென்று ஒதுக்கிவிட்டு மறுபாதியை மட்டும் செலவுக்கு எடு, பழையதை எடுத்துப் புதியதை நிரப்பிக்கொண்டே இரு என்கிறது அர்த்தசாஸ்திரம். பாதி என்பது இன்றைய நிதிச் செயலர்கள் கேட்டால் மயங்கி விழும் அளவு. இப்படி எச்சரிக்கை சொன்ன நூலே பல நூற்றாண்டு காணாமல் போயிருந்தது என்பது வேடிக்கை. 1905இல் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் இருந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். நூலகர் ஆர். சாமசாஸ்திரி பிரித்துப் பார்த்தார், அர்த்தசாஸ்திரம் திரும்பக் கிடைத்தது. தஞ்சாவூர் இந்தக் கதையில் இன்னொரு முறையும் வரும்.

சீனர்கள் இதை ஓர் இயந்திரம்போல ஆக்கினார்கள். கி.மு. 54இல் ஹான் வம்சத்துப் பேரரசர் சுவானிடம் இருந்த கெங் ஷோசாங் என்ற அதிகாரி எல்லைப் பகுதிகளில் அரசுக் களஞ்சியங்களைக் கட்டச் சொன்னார். விலை விழும்போது அரசு வாங்கிக்கொள்ளும், ஏறும்போது விற்கும். விவசாயியும் பிழைப்பான், நகரத்தானும் பிழைப்பான், பஞ்சம் வந்தால் கையில் சரக்கும் இருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, 1069 வாக்கில், வாங் அன்ஷி என்ற சீர்திருத்த அமைச்சருக்கு ஒரு யோசனை வந்தது. களஞ்சியங்களின் கையிருப்பு சும்மா கிடப்பானேன், அதை முதலாக வைத்து விவசாயிகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுக்கலாமே என்றார். எதிர்பாராததற்கு எடுத்துவைத்ததை எதிர்பார்த்த செலவுக்குத் திருப்புகிற பழக்கத்துக்கு நமக்குத் தெரிந்த பழைய உதாரணங்களில் இது ஒன்று. கடைசி உதாரணம் அல்ல.

தானியம் பஞ்சத்துக்குச் சரி, கொள்ளைநோய்க்குப் போதாது. நோய் வந்தால் படகோட்டிக்குக் கூலி வேண்டும், காவலாளிக்குச் சம்பளம் வேண்டும், பிரித்து வைக்கப்பட்டவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், பிணம் தூக்க ஆள் வேண்டும். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்ல முடியாது. கப்பல் வியாபாரத்தில் வாழ்ந்த வெனிஸ் நகரத்துக்கு இது முதலில் புரிந்தது. வந்த கப்பல்தான் சரக்கையும் கொண்டுவந்தது, பிளேக்கையும் கொண்டுவந்தது. 1423இல் கடற்கழியில் ஒரு தீவை எடுத்து நோயாளிகளுக்கான நிரந்தர மருத்துவமனையாக்கினார்கள். செலவு உப்பு அலுவலகத்தின் தலையில் விழுந்தது. உப்பு வியாபாரம் அரசின் ஏகபோகம், ஆண்டு முழுவதும் நிலையாக வருமானம் தருவது. நிலையற்ற செலவுக்கு நிலையான வருமானத்தை முடிச்சுப் போட்டதில்தான் வெனிஸ் வியாபாரிகளின் சாமர்த்தியம் இருந்தது. 1468இல் சந்தேகப்படுகிறவர்களுக்கும் சரக்குக்கும் இரண்டாவது தீவு வந்தது. மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக இதைப் பார்த்துப் பின்பற்றின.

பணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் வெனிஸே சாட்சி. 1576இல் நகரத்தில் சாவு கூடிக்கொண்டு போனது. பாதுவா பல்கலைக்கழகத்திலிருந்து மெர்குரியாலே, கபோதிவாக்கா என்ற இரண்டு பேராசிரியர்களை அழைத்தார்கள். வந்து பார்த்த இருவரும் இது உண்மையான பிளேக் அல்ல என்று அடித்துச் சொன்னார்கள். பிளேக் என்று அறிவித்தால் வியாபாரம் படுத்துவிடும், நிபுணர்களே இல்லை என்கிறார்கள் எனும்போது எந்த அரசுக்குத்தான் கசக்கும்? கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அந்தக் கொள்ளைநோய் அடங்குவதற்குள் நகரத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் செத்துப்போனார்கள். செலவழிக்கும் அதிகாரம் கையில் இருந்தது, எப்போது தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் பெட்டி என்ற மருத்துவர் இருந்தார். அயர்லாந்தில் நில அளவை நடத்தியவரும் அவரே. எதைப் பார்த்தாலும் எண்ணிப் பார்க்கிற மனிதர். 1665இல் லண்டனைப் பிளேக் தின்றுகொண்டிருந்தபோது நாட்டின் மொத்தச் செல்வத்தைக் கணக்கிட்டு, ஓர் ஆங்கிலேயரின் விலை சராசரியாக 69 பவுண்டு என்று முடிவுகட்டினார். கேட்கக் கூசுகிறதுதான். ஆனால் அதிலிருந்து அவர் போன இடத்தைப் பாருங்கள். பிளேக்கில் 1 லட்சம் பேர் செத்தால் நாட்டுக்கு நஷ்டம் கிட்டத்தட்ட 70 லட்சம் பவுண்டு. அப்படியானால் அதைத் தடுக்க முன்கூட்டியே 70,000 பவுண்டு செலவழித்திருந்தால் நூறு மடங்கு லாபம் அல்லவா என்று கேட்டார். பெருந்தொற்றுத் தயாரிப்புக்குச் செய்யும் செலவு தர்மம் அல்ல, முதலீடு என்று இன்று சர்வதேச அமைப்புகள் போடும் அறிக்கைகளின் சாரம் அத்தனையும் அந்த ஒரு பெருக்கல் கணக்கில் இருக்கிறது. அரசர் அதைக் கேட்டு எழுபதாயிரத்தை எடுத்து வைக்கவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 1770இன் வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்து உத்தரவின்படி பாட்னாவில் ஜான் கார்ஸ்டின் என்ற பொறியாளர் தேன்கூட்டைக் கவிழ்த்தாற்போல ஒரு பிரம்மாண்டக் களஞ்சியத்தைக் கட்டி 1786இல் முடித்தார். கோல்கர் என்று பெயர், இன்றும் சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்க்கிறார்கள். கீழே உள்ள கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை, ஆகவே தானியம் நிரம்பினால் திறக்கவே முடியாது என்று பாட்னாவாசிகள் சிரிப்பார்கள். கதவைவிடக் கல்வெட்டு சுவாரசியமானது. இந்த மாகாணங்களில் என்றென்றைக்கும் பஞ்சத்தைத் தடுக்கும் பொதுத் திட்டத்தின் பகுதி இது என்று பெருமையாக ஆரம்பித்து, முதன்முதலில் நிரப்பி மூடியவர் என்ற இடத்தில் பெயர் பொறிக்க வெற்றிடம் விட்டிருந்தார்கள். பெயர் பொறிக்க வாய்ப்பே வரவில்லை. கோல்கர் ஒருநாளும் முழுதாக நிரம்பவில்லை. அந்தப் பொதுத் திட்டத்தின் மற்றக் களஞ்சியங்களும் எழவில்லை.

தானியம் பணமாக, பணம் ஏட்டில் ஒரு வரியாக மாறியது 1860களில். 1857 கிளர்ச்சியை அடக்கியதில் இந்தியக் கருவூலம் கடனில் முழுகிக் கிடந்தது. சீர்செய்ய லண்டனிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊரில் பிறந்து, தொப்பித் தொழிலில் வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு 1843இல் தி எகனாமிஸ்ட் பத்திரிகையை நிறுவிய ஜேம்ஸ் வில்சன். 1860 பிப்ரவரி 18ஆம் தேதி கல்கத்தாவில் அவர் வாசித்ததுதான் இந்தியாவின் முதல் பட்ஜெட், கூடவே வருமான வரியும் வந்தது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யனுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. எதிர்ப்பை அரசாங்கத்துக்குள் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார், பதவி போனது. வரி போட்ட வில்சனோ ஆகஸ்டில் சீதபேதி கண்டு கல்கத்தாவிலேயே இறந்தார். சில ஆண்டுகளில் டிரெவெல்யன் திரும்ப வந்து உட்கார்ந்தது வில்சன் வகித்த அதே நிதிப் பொறுப்பில். அரசு ஊழியர்களின் வரலாற்றில் இதைவிட நேர்த்தியான பழிவாங்கல் இருக்குமா தெரியவில்லை.

அதே நேரம் லண்டனில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்து கணக்கு வழக்கை இறுக்கிக்கொண்டிருந்தார். நாடாளுமன்றம் அனுமதிக்காமல் ஒரு காசு செலவழிக்கக் கூடாது என்று விதி இறுகினால் உடனே ஒரு சிக்கல் முளைக்கும். சபை கூடாத நாளில் அவசரம் வந்தால்? 1862இல் 1,20,000 பவுண்டில் ஒரு சிறு நிதியைத் தனியே எடுத்துவைத்தார்கள். இப்போது எடு, பின்னால் சபையிடம் சொல்லித் திருப்பி வை என்பதுதான் ஏற்பாடு. இன்று பல நாடுகளில் இருக்கும் எதிர்பாராச் செலவு நிதியின் அச்சு இதுதான்.

இனி வருவது இந்தப் பெட்டியின் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய துரோகம். அதற்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஒரே அதிகாரியின் இரண்டு முகங்களைப் பார்க்க வேண்டும்.

1866இல் ஒரிசாவில் பஞ்சம். வெளியிலிருந்து அரிசி வரவழைக்க அரசு மறுத்தது, மழைக்காலம் வந்து வழி அடைத்துக்கொண்டது, சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். 1873இல் பீகாரில் மழை பொய்த்தபோது அந்தக் கறை நினைவில் இருந்ததால் அரசு பயந்தது. டெம்பிளை அனுப்பினார்கள். அவர் பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அளவுக்கு அரிசி வாங்கிக் குவித்தார், வண்டிகளை வாடகைக்குப் பிடித்தார், கேட்டவர்களுக்கெல்லாம் வேலையும் கூலியும் கொடுத்தார். செலவு 65 லட்சம் பவுண்டைத் தொட்டது. பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. கடைசியில் ஏறக்குறைய 1 லட்சம் டன் அரிசி மீந்துபோய் நஷ்டத்துக்கு விற்க வேண்டியதாயிற்று.

பாராட்டு கிடைத்தது என்று நினைப்பீர்கள். ஊதாரி என்ற பட்டம்தான் கிடைத்தது. தங்களை உயிரோடு வைத்திருப்பது அரசின் கடமை என்று இந்தியர்களுக்குத் தவறான பாடம் கற்றுக்கொடுத்துவிட்டார் என்று கண்டித்தவற்றில் வில்சன் நிறுவிய அதே எகனாமிஸ்ட்டும் உண்டு. பேரிடர் தடுக்கப்பட்டால் அது வந்திருக்கவே வந்திருக்காது என்று தோன்றும். தடுத்த செலவு மட்டும் கணக்கில் துருத்திக்கொண்டு நிற்கும். நிச்சயமின்மையில் செலவழிப்பவர்களுக்கு அன்றும் இன்றும் மாறாத தலைவிதி இது.

டெம்பிள் பாடம் கற்றுக்கொண்டார், தவறான பாடத்தை. 1877இல் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது வைஸ்ராய் லிட்டன் பிரபு அவரையே தூதராக அனுப்பினார், இந்த முறை சிக்கனத்துக்கு. நாள் முழுவதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு ஈடான கூலியும் ஓர் அணாவும் போதும் என்றார், அந்தத் தானியம் அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது உடலைக் கரைக்கும் கூலி என்று புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டார். சில மாதங்களில் அந்தக் கூலி கைவிடப்பட்டது, அதற்குள் எத்தனையோ பேருக்குக் காலம் கடந்துவிட்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது, கவர்னர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 55 லட்சம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ராச்சி பஞ்சக் காப்பீட்டு மானியம் என்ற ஒன்றை 1878இல் கொண்டுவந்தார். தர்க்கம் அழகானது. பஞ்சம் எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும், வந்தால் 15 கோடி ரூபாய் ஆகும். ஆகவே ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி எடுத்துவைப்போம். தெரியாத ஒன்றைச் சராசரியாக மாற்றி, சராசரியை ஆண்டுத் தவணையாக மாற்றுகிற வேலை இது. லண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் செய்வதை ஓர் அரசு முழு தேசத்துக்கும் செய்து பார்த்தது. தவணையைக் கட்டியவர்கள் சிறு வியாபாரிகள், உரிம வரி என்ற பெயரில். அந்த ஏப்ரலில் சூரத்தில் கடையடைப்பும் கலவரமும் வெடித்தன. பணம் வேறு எதற்கும் போகாது என்று லிட்டன் வாக்குக் கொடுத்தார்.

அதே 1878 நவம்பரில் ஆப்கானிஸ்தானின்மீது படையெடுத்தார். அடுத்த ஆண்டுக் கணக்கில் காப்பீட்டு மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்க்கட்சியில் இருந்த கிளாட்ஸ்டன் 1879இன் மிட்லோதியன் தேர்தல் பிரசாரத்தில் பஞ்சத்துக்கு வைத்த பணம் போருக்குப் போன கதையை மேடை மேடையாகப் பேசினார். போருக்கு ஆகும் செலவையும் கல்கத்தா பல கோடி ரூபாய் குறைத்து மதிப்பிட்டிருந்தது என்பது 1880 தேர்தலுக்குப் பிறகு வெளியே வந்தது. பஞ்சத்தின் செலவை பத்தாண்டுச் சராசரியாகத் துல்லியமாகப் போட்டவர்களுக்குத் தாங்களே தொடங்கிய போரின் ஓராண்டுச் செலவு தெரியவில்லை! மானியம் பிறகு திரும்ப வந்தது. வந்தாலும் அதில் ஒரு பங்கு ரயில் பாதைக்கும் பாசனத்துக்கும், ஒரு பங்கு கடன் குறைப்புக்கும் என்று பிரிந்தது. தனிப் பெட்டி என்று எதுவும் கடைசிவரை இருக்கவில்லை, ஏட்டில் ஒரு தலைப்புதான் இருந்தது. எதிர்பாராத செலவுக்கான பணம் எவ்வளவு என்பதைவிட, அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் என்பதே முக்கியம் என்று நான் கருதுவதற்கு இந்த மூன்று ஆண்டுகளே போதும்.

1896இல் பம்பாயில் பிளேக் நுழைந்தது. 1897 பிப்ரவரி 4ஆம் தேதி கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. மொத்தமே நான்கு பிரிவுகள், ஒரு தாளில் அடங்கிவிடும். அதன் இரண்டாவது பிரிவில் ஒரு வாசகம் ஒளிந்திருக்கிறது. நோயைத் தடுக்க ஆகும் செலவை எந்த வகையில், யார் ஏற்பது என்பதை அரசே முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது அது. பணம் எங்கிருந்து என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை, விடை சொல்லும் உரிமை மட்டும் இருக்கிறது. 123 ஆண்டுகள் கழித்து 2020 மார்ச்சில் மாநிலங்கள் தூசி தட்டி எடுத்தது இதே சட்டத்தைத்தான். நடுவில் 1918இன் விஷக் காய்ச்சல் வந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுபோனது. அப்போது கருவூலத்தில் இடமே இல்லை. முந்தைய ஆண்டுதான் இந்தியா முதல் உலகப் போருக்காக பிரிட்டனுக்கு 10 கோடி பவுண்டு 'அன்பளிப்பு' எழுதிக் கொடுத்திருந்தது.

சீனக் களஞ்சியங்கள் என்ன ஆயின? 1911இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சென் ஹுவான்சாங் என்ற சீன மாணவர் கன்பூசியஸ் மரபின் பொருளாதாரம் பற்றி ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதில் கெங் ஷோசாங்கின் களஞ்சியம் இருந்தது. அயோவா மாநிலத்தில் குடும்பமாக விவசாயப் பத்திரிகை நடத்திவந்த ஹென்றி வாலஸ் என்ற மக்காச்சோள ஆராய்ச்சியாளர் அதைப் படித்தார், மறக்கவே இல்லை. ரூஸ்வெல்ட் அரசில் வேளாண் அமைச்சரானதும் 1938இன் வேளாண் சட்டத்தில் அதே பெயரோடு அதைப் புகுத்தினார். பொருளாதார மந்தத்தில் விலை விழுந்தபோது சேர்த்த தானியம் உலகப் போர் வந்தபோது உதவியது. போரை எதிர்பார்த்துச் சேர்த்தது அல்ல அது.

இந்தியாவும் அதே வழிக்கு வந்தது. சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது, 1965 ஜனவரி 14ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது. இடம், தஞ்சாவூர். பாதியை எடுத்துவை என்ற சுவடியை வைத்திருந்த மாவட்டம்.

பணப் பெட்டிக்குத் திரும்புவோம். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26ஆம் தேதி வாசித்தவர் கோயம்புத்தூர்க்காரர் ஆர். கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான இடைக்காலக் கணக்கு. பிரிவினையில் எத்தனை லட்சம் பேர் எல்லை தாண்டுவார்கள், கலவரம் எப்போது ஓயும், எதுவும் தெரியாத நேரம். வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. அதில் அகதிகளை மீட்கவும் நிவாரணத்துக்கும் 22 கோடியை மொத்தமாக வைத்தார். துல்லியமாகத் தெரியாவிட்டால் மொத்தமாக ஒரு தொகையை வெளிப்படையாகச் சொல்லிவிடு என்ற அந்த அணுகுமுறையில் ஒரு வணிகக் குடும்பத்து நேர்மை இருந்ததாக எனக்குப் படுகிறது. 1950இல் அரசியல் சட்டம் 267ஆவது பிரிவில் மத்திக்கும் மாநிலங்களுக்கும் எதிர்பாராச் செலவு நிதியை நிலைப்படுத்தியது. கிளாட்ஸ்டன் காலத்து அச்சேதான். குடியரசுத் தலைவர் பெயரில் இருக்கும், நிதியமைச்சகம் முன்பணம் எடுக்கும், பிறகு துணை மானியக் கோரிக்கையில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்ததும் திருப்பி வைக்கும்.

சாவி யாரிடம் என்ற கேள்விக்கு வித்தியாசமான விடை கண்டது சிங்கப்பூர். 1991இல் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றி, முந்தைய அரசுகள் சேர்த்துவைத்த கையிருப்பைத் தொட அவர் சம்மதம் கட்டாயம் என்று ஆக்கினார்கள். பெட்டிக்கு இரண்டு சாவி. அதை முதன்முதலாகத் திறந்தது உலக நிதி நெருக்கடியின்போது, 2009இல். கேட்டவர் நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்தினம், கொடுத்தவர் குடியரசுத் தலைவர் எஸ். ஆர். நாதன். இரண்டு சாவியும் தமிழ் வம்சாவளியினர் கையில்! 490 கோடி சிங்கப்பூர் டாலருக்கு அனுமதி வாங்கி, 400 கோடிதான் எடுத்தார்கள், 2011இல் அதைத் திருப்பியும் வைத்துவிட்டார்கள். 2020இல் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் அந்த நாடு நான்கு பட்ஜெட் போட்டது. நூறு நாளுக்குள் நான்கு. கையிருப்பிலிருந்து 5,200 கோடி டாலர் வரை எடுக்க அதிபர் ஹலிமா யாக்கோப் சம்மதித்தார், கடைசியில் அதைவிடக் குறைவாகவே எடுத்தார்கள். 2023இல் தர்மன் அதிபரானார். அன்று சாவி கேட்டு நின்றவரிடமே இன்று சாவி இருக்கிறது.

சேர்த்துவைக்க வசதியில்லாத ஏழை நாடுகளுக்கு? 2014இன் எபோலாவுக்குப் பிறகு உலக வங்கிக்கு ஒரு யோசனை வந்தது. 1992இல் ஆண்ட்ரூ புயல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களைக் கவிழ்த்தபின் சந்தையில் பேரிடர்ப் பத்திரம் என்று ஒரு சரக்கு புழங்கிவந்தது. புயல் வராவிட்டால் முதலீட்டாளருக்கு நல்ல வட்டி, வந்தால் முதலே போய்விடும். அதையே பெருந்தொற்றுக்கு நகலெடுத்து 2017இல் 32 கோடி டாலருக்குப் பத்திரம் விற்றார்கள், சந்தை போட்டி போட்டுக்கொண்டு வாங்கியது. 2018இல் காங்கோவில் மறுபடி எபோலா வந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஆனால் இரண்டாவது நாட்டிலும் குறைந்தது 20 பேர் சாக வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருந்ததால் அந்தக் காப்பீட்டுப் பணம் வரவில்லை. கொரோனாவுக்கு வந்தது. நோய் தொடங்கி பன்னிரண்டு வாரம் கழிய வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறி, 2020 ஏப்ரல் கடைசியில், உலகம் முழுக்க நோய் பரவிய பிறகு, 64 நாடுகளுக்குச் சேர்த்து 19.6 கோடி டாலர். இரண்டாவது முறை அந்தப் பத்திரத்தை வெளியிடும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். ஸ்ட்ராச்சி தெரியாததைச் சராசரியாக்கினார் என்றால் இவர்கள் நிபந்தனைப் பட்டியலாக்கினார்கள். நோய் பட்டியலைப் படித்துவிட்டு வருவதில்லை.

2020இன் வசந்தத்தில் பெரிய நாடுகள் செய்தது எளிமையானது, விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தின. பிரிட்டனில் கிளாட்ஸ்டன் காலத்து நிதிக்கு முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டில் 2 சதவீதம் என்று உச்சவரம்பு இருந்தது. மார்ச் கடைசியில் சட்டம் போட்டு அதை 50 சதவீதமாக்கினார்கள். தென்கொரியா ஒரே ஆண்டில் நான்கு துணை பட்ஜெட் போட்டது, 1961க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. இந்தியாவில் மார்ச் 23ஆம் தேதி நிதி மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது, மறுநாள் இரவு ஊரடங்கு அறிவிப்பு. மே 8ஆம் தேதி மத்திய அரசு தன் ஆண்டுக் கடன் இலக்கை 7.8 லட்சம் கோடியிலிருந்து 12 லட்சம் கோடியாக உயர்த்தியது. அப்போது எதிர்பாராச் செலவு நிதியின் மொத்த இருப்பு 500 கோடி, 2005இல் நிர்ணயித்தது. பெருந்தொற்றுக்கு அது ஒரு நாள் காப்பிச் செலவு.

உண்மையில் கைகொடுத்த கையிருப்பு வேறிடத்தில் இருந்தது. உணவுக் கழகக் கிடங்குகளில் விதிமுறை கேட்கும் அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அரிசியும் கோதுமையும் கிடந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இது வீண், பூஞ்சை பிடிக்கிறது, பராமரிப்புச் செலவு தண்டம் என்று பொருளாதார நிபுணர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். டெம்பிளின் பர்மா அரிசிக்குச் சொன்ன அதே வார்த்தைகள். 2020 ஏப்ரல் முதல் சுமார் 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ இலவசமாகக் கொடுக்க முடிந்தது அந்த வீண் மூட்டைகளால். தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2020இல் ஆயிரம் ரூபாயும் அடுத்த ஆண்டு நான்காயிரம் ரூபாயும் போய்ச் சேர்ந்ததும் ஏற்கெனவே தெருவுக்குத் தெரு இருந்த ரேஷன் கடை வழியாகத்தான். எடுத்துவைப்பது ஒரு வேலை, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாயைச் சாதாரண நாளிலேயே போட்டுவைப்பது அதற்குச் சற்றும் குறையாத வேலை. முன்னதற்குத்தான் பட்ஜெட்டில் தலைப்பு இருக்கிறது.

2021 பட்ஜெட்டில் தடுப்பூசிக்கென்று 35,000 கோடி ஒதுக்கப்பட்டது. எதிர்பாராச் செலவு நிதியும் 500 கோடியிலிருந்து 30,000 கோடியாக உயர்ந்தது, ஒரே தாவலில் அறுபது மடங்கு. அந்த ஆண்டு பட்ஜெட்டின் மொத்தச் செலவு 34.83 லட்சம் கோடி. ஆக, எதிர்பாராததற்கென்று இந்தியா எடுத்துவைத்திருப்பது மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த முறை பட்ஜெட் வரும் நாளில் வருமான வரி விகிதத்தைப் பார்த்து முடித்த பிறகு, உங்கள் மாநிலம் இந்தத் தலைப்பில் எவ்வளவு வைத்திருக்கிறது, கடைசியாக அதை எதற்கு எடுத்தது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.